தாலுகா அளவில் செய்தி சேகரிக்கும் இளம் பெண்களுக்கு நாம் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தருமபுரியிலிருந்து ஓர் இதழாசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டச் செய்திகளுக்காக ஆறு பேர் சேர்ந்து ஒரு சிறிய இணைய இதழை நடத்தி வருகிறோம். அரூர், பென்னாகரம் வட்டங்களிலிருந்து இரண்டு இளம் பெண்கள் எங்களுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். இருவரும் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். குழாயில் தண்ணீர் வராத நாள்களில் ஃப்ளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீருக்கே திரும்பும் வீடுகளைப் பற்றிப் பென்னாகரத்துப் பெண் எழுதிய செய்தியை, இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் என்னால் எழுதியிருக்க முடியாது. குடத்தோடு நிற்கும் பெண்கள் என்னிடம் அப்படி மனம் விட்டுப் பேசியதில்லை.

அந்தப் பெண்தான் அடுத்த மாதத்தோடு நின்றுவிடுவதாகச் சொல்கிறார். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை. செய்திக்குக் கீழே செய்தியாளரின் கைபேசி எண்ணைப் போடுவது எங்கள் வழக்கம். அதைப் பார்த்துவிட்டு இரவில் சிலர் அழைக்கிறார்கள் என்று ஒருமுறை போகிற போக்கில் குறிப்பிட்டார். சென்ற ஆண்டு இருவருக்கும் காணொளி எடுக்க இரண்டு நாள் பயிற்சி நடத்திச் சான்றிதழும் கொடுத்தோம். இனி நாங்கள் செய்யக்கூடியது என்ன? இத்துறையில் இருந்த பெண்கள் பதில் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: ஐந்து ஆண்டுகள் தாலுகா நிருபராக இருந்தவர்

ஐயா, பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் இந்தத் தொழிலை விட்டது காணொளி எடுக்கத் தெரியாததால் அல்ல. ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்த தொகை, அந்தச் செய்திக்காக நான் செலவழித்த பேருந்துக் கட்டணத்துக்கும் இணையக் கட்டணத்துக்குமே சரியாக இருந்தது; அது போதாதென்று தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்றும் நான் வேலை பார்த்த நாளிதழில் எதிர்பார்த்தார்கள். காலையில் எந்த ஊராட்சித் தலைவரைக் கேள்வி கேட்டேனோ, அவரிடமே மாலையில் வாழ்த்து விளம்பரத்துக்குப் போய் நிற்க வேண்டும். செய்தியாளர் கூட்டங்களில் நீட்டப்படும் பணக் கவரை மறுத்தால், அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வராது. (இதை ஆண் நிருபர்களும் அறிவார்கள், ஆனால் மறுப்பவள் பெண்ணாக இருந்தால் அதற்குத் திமிர் என்று பெயர் வேறு.)

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது என் போன்றவர்களுக்குப் பெரிய உதவிதான். ஆயினும் புறநகர்ப் பேருந்துகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைவிட, மாலையில் முடியும் கூட்டத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பக் கடைசிப் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை என்பதுதான் வீட்டாரின் உண்மையான அச்சம். மாதம் ஒரு நிலையான தொகை, பயணச் செலவு தனி, இருட்டிய பிறகு முடியும் நிகழ்ச்சியானால் அலுவலகச் செலவில் ஆட்டோ என்று எழுத்தில் கொடுங்கள். பிறகு நீங்களோ, முடிந்தால் உங்கள் குழுவில் உள்ள ஒரு பெண்ணோ, அவருடைய வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவிடம் அரைமணி நேரம் பேசுங்கள். என் வீட்டு வாசலுக்கு அந்த ஐந்து ஆண்டுகளில் அலுவலகத்திலிருந்து ஒருவரும் வந்ததில்லை.

இன்னொன்று: செய்தி அவர் பெயரில்தான் வருகிறதா என்று பாருங்கள். நான் அலைந்து எழுதியவை மாவட்ட நிருபர் பெயரில் வந்த நாள்கள் உண்டு.

பதில் 2: வழக்கறிஞர்

அந்த இரவு அழைப்புகளைப் போகிற போக்கில் விட்டுவிட வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர்களும் பணியாளர்களே. வேலைக்காக அவர்கள் செல்லும் இடமும் பணியிடமே. பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பதால் புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே உள்ளகக் குழு ஒன்றை நீங்கள் அமைக்கத் தேவையில்லை. ஆனால் அத்தகைய நிறுவனங்களின் புகார்களைப் பெறுவதற்கென்றே மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

பலர் கவனிக்காத பகுதி 19ஆம் பிரிவு. பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு அளிப்பது நிறுவனத்தின் கடமை. துன்புறுத்தியவர் வெளியாள் என்றால், அந்தப் பெண் விரும்பும்போது குற்றவியல் நடவடிக்கைக்கு வழிசெய்வதும் நிறுவனத்தின் கடமை. காவல் நிலையத்துக்கு அவர் தனியாகப் போகக்கூடாது, இதழின் சார்பில் நீங்கள் உடன் போக வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பதில் 3: வாசகர்

உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் பகுதியில் 2002இல் தொடங்கிய 'கபர் லஹரியா'வை இங்கே நினைவூட்டுகிறேன். தலித் பெண்கள் உள்ளிட்ட கிராமத்துப் பெண்கள் புந்தேலி மொழியில் நடத்திய அந்தச் செய்தித்தாள், 2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசைப் பெற்றது; பின்னர் அச்சை விட்டுக் கைபேசிக் காணொளிக்கு மாறியது. அங்கே பெண்கள் செய்தி அனுப்புவதோடு நிற்கவில்லை. எது செய்தி என்று முடிவு செய்ததும் அவர்கள்தாம். அவர்களுக்கும் தொலைபேசித் தொல்லை வந்தது. 2015இல் அவர்கள் அதை மூடி மறைக்காமல் வெளியே எழுதினார்கள். உங்கள் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் அந்த இருவருக்கும் இடம் இருக்கிறதா என்பதை நீங்கள் சொல்லவில்லை.

கேட்டவரின் மறுமொழி

இடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நேற்று என் மனைவியுடன் பென்னாகரம் சென்று அந்தப் பெண்ணின் பெற்றோரைச் சந்தித்தேன். பயணத்தொகையைப் பற்றி நாங்கள் பேசியதை அவருடைய தந்தை அமைதியாகக் கேட்டுக்கொண்டார். இரவு அழைப்புகளில் ஒன்றை எடுத்தவர் தாயாராம்; என்ன கேட்டான் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் மட்டும் தனியே சொன்னார். இதழில் இருந்த அத்தனை எண்களையும் நேற்றிரவே நீக்கிவிட்டு, அலுவலகத்துக்கென ஒரே ஒரு எண்ணைப் போட்டிருக்கிறோம். அதை எடுக்கப் போவது நான். புகார் கொடுப்பதா என்பதை அந்தப் பெண் யோசித்துச் சொல்வதாக இருக்கிறார். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு இருவரும் வருகிறார்கள். மாலை நான்கு மணிக்கு வைத்திருந்ததைக் காலை பதினொன்றுக்கு மாற்றியிருக்கிறோம்.