சாயங்காலம் ஆனா வயிறு உப்பிக்குது, எந்தச் சாப்பாடுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

திருப்பூர் கார்த்தி
வணக்கங்க. வயசு 36, பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை, நாள் பூரா சேர்லயேதான். காலைல எந்திரிக்கும்போது வயிறு நல்லாத்தான் இருக்கு, மதியம் சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல கல்லு மாதிரி ஆயிடுது, சாயங்காலம் பெல்ட்டை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டாத்தான் உக்காரவே முடியுது. வலின்னு பெருசா இல்ல, ஆனா கேஸ் பிரியுற வரைக்கும் அவஸ்தை, அதுவும் ஆடிட்டர் பக்கத்துல உக்காந்திருந்தா சொல்லவே வேணாம். டாக்டர்ட்ட போயி ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, நார்மல். வெறும் வயித்துல போட ஒரு கேஸ் மாத்திரை குடுத்தார், நெஞ்செரிச்சல் போயிடுச்சு, உப்புசம் அப்படியே இருக்கு. மதியம் தயிர் சாதம்தான், தயிரை நிறுத்தியும் பாத்துட்டேன், ஒண்ணும் மாறல. காலைல இட்லி இல்லாட்டி பொங்கல், சாம்பார் நல்லா ஊத்தி. ராத்திரி சுகர் வந்துரக்கூடாதுன்னு சப்பாத்தி சன்னா. படுக்கப் போகும்போது வாயுவுக்கு நல்லதுன்னு வீட்ல பூண்டுப் பால் காய்ச்சித் தர்றாங்க. எதை விடுறது எதை திங்குறதுன்னே தெரியல, யாராச்சும் வழி சொல்லுங்க.

மலர்விழி
தம்பி, ஓமத்தை வறுத்து தண்ணில கொதிக்க வச்சு குடிங்க, மோர்ல பெருங்காயம் போட்டுக்கங்க. எங்க வீட்ல எல்லாருக்கும் கேக்கும்.

சிவா நெல்லை
அக்கா சொல்றது வந்த உப்புசத்தை கொஞ்சம் அமத்தும், ஏன் வருதுன்னு சொல்லாதுல்ல. ப்ரோ, முதல்ல அந்த மாத்திரைய பாருங்க, கேஸ் மாத்திரைன்னு நாமதான் பேர் வச்சிருக்கோம், வெறும் வயித்துல குடுக்குறது பெரும்பாலும் இரைப்பைல அமிலம் சுரக்குறத குறைக்கிற மாத்திரைதான். அதான் எரிச்சல் போச்சு, உப்புசம் போகல. குடல்ல உண்டாகுற வாயுவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அடுத்தது, மதியம் உப்புதுன்னா மதிய சாப்பாடுதான் குத்தவாளின்னு இல்ல. செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ச் சேர நாலு மணி, ஆறு மணி நேரம்கூட ஆகும், அங்கதான் பாக்டீரியா அதை புளிக்க வச்சு கேஸ் ஆக்குது. நீங்க மதியம் ஒரு வாய் சாப்பிட்டதும் குடல் அசைய ஆரம்பிச்சு காலைல போனதை கீழ தள்ளும். அதனால தயிர் சாதத்தை விடுங்க, காலைல ஊத்துன சாம்பாரை கவனிங்க.

திருப்பூர் கார்த்தி
அட, இப்படி யோசிக்கவே இல்லைங்க. அப்ப சாம்பார்ல எது? பருப்பா, புளியா?

டயட்டீஷியன் ரேவதி
ரெண்டு பேர் மேல சந்தேகப்படலாம், பருப்பும் வெங்காயமும். பருப்பு, கொண்டக்கடலைல ராஃபினோஸ்னு ஒரு வகை சர்க்கரை இருக்கு, அதை உடைக்கிற என்சைம் மனுஷக் குடல்ல யாருக்குமே கிடையாது. வெங்காயம், பூண்டு, கோதுமைல ஃப்ரக்டான், அதுவும் அப்படித்தான். எல்லாருக்கும் கேஸ் உண்டாகத்தான் செய்யும், சிலருக்கு குடல் அதை தாங்காம உப்பிக் காட்டும். இந்த மாதிரி சர்க்கரைகளை மொத்தமா ஃபாட்மேப்னு சொல்லுவோம், ஆஸ்திரேலியாவுல மொனாஷ் யுனிவர்சிட்டிக்காரங்க இதுல நிறைய வேலை பண்ணிருக்காங்க.

உங்க ராத்திரியைப் பாருங்க சார், சப்பாத்தில ஃப்ரக்டான், சன்னாவுல ராஃபினோஸ், மசாலாவுல வெங்காயம், அதுக்கு மேல வாயுவுக்கு மருந்துன்னு பூண்டும் பாலும்! தனித்தனியா கொஞ்சம்னா தாங்கியிருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு சேரும்போதுதான் தொல்லை. பால் ஒத்துக்காதவங்களுக்குக்கூட தயிர் ஒத்துக்கும், ஏன்னா புளிக்கும்போதே லாக்டோஸ் கொஞ்சம் குறைஞ்சிடும்.

கோதுமையை நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். டாக்டர்ட்ட கேட்டு சீலியாக் நோய்க்கான, அதாவது கோதுமைல இருக்குற குளூட்டன் ஒத்துக்காம குடல் பாதிக்கிற நோய்க்கான, ரத்த டெஸ்ட் எடுத்துருங்க. கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போது எடுத்தாத்தான் சரியா காட்டும். எடை தானா குறையுறது, மலத்துல ரத்தம், ரத்த சோகை, தூக்கத்துல எழுப்புற வலி இதுல ஏதாச்சும் இருந்தா டயட் பரிசோதனை எல்லாம் அப்புறம், முதல்ல குடல் டாக்டர். படிக்கிற பெண்களுக்கும் சொல்லிடுறேன், வயசு அம்பதை ஒட்டி புதுசா உப்புசம் ஆரம்பிச்சு போகவே மாட்டேங்குதுன்னா சாப்பாட்டு மேல பழி போட்டுட்டு இருக்காதீங்க, கருப்பையோட முட்டைப்பையையும் பாக்கச் சொல்லுங்க.

மலர்விழி
பூண்டு வாயுவைக் கிளப்பும்னு இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன். பிள்ளை பெத்தவளுக்கே பூண்டுதான குடுக்குறோம்.

டயட்டீஷியன் ரேவதி
நிறைய பேருக்கு ஒத்துக்கும்மா, யாரையும் விடச் சொல்லல, ஒத்துக்காதவருக்குத்தான் பிரச்சனை. பூண்டு வாசம் இல்லாம முடியாதுன்னா பல்லை எண்ணெய்ல பொரிச்சு எடுத்துப் போட்டுட்டு அந்த எண்ணெய்ல தாளிக்கலாம், ஃப்ரக்டான் தண்ணில கரையும், எண்ணெய்ல கரையாது. அதே காரணத்துக்காகத்தான் சாம்பார்ல கிடக்குற சின்ன வெங்காயத்தை மட்டும் ஒதுக்கி வச்சுட்டு சாப்பிட்டா பிரயோஜனம் இல்ல, அது ஏற்கனவே குழம்புல இறங்கியிருக்கும். வெங்காயத்தாள்ல பச்சைப் பகுதி மட்டும் போடலாம். கடலையை ராத்திரி ஊற வச்சு அந்தத் தண்ணிய கொட்டிட்டு புதுத் தண்ணில வேக வைங்க, முழுசா போகாது, குறையும்.

சிவா நெல்லை
எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்திராதீங்க ப்ரோ, அப்புறம் எது காரணம்னு தெரியாமலே போயிடும். பூண்டுப் பால்ல இருந்து ஆரம்பிங்க.

திருப்பூர் கார்த்தி
சொன்ன மாதிரி பூண்டுப் பாலையும் ராத்திரி சன்னாவையும்தான் முதல்ல விட்டேன். ரத்த டெஸ்ட் எடுத்தாச்சு, சீலியாக் இல்ல. பெல்ட் இப்பல்லாம் பழைய ஓட்டைலயே நிக்குது, ஆனா வெங்காய சாம்பார் ஊத்துன அன்னைக்கு மட்டும் திரும்ப வருது. பருப்பை மட்டும் வேக வச்சு நெய் விட்டு சாப்பிட்டேன், ஒண்ணும் பண்ணல. அடுத்த வாரம் மச்சான் கல்யாணம், பந்தில என்னங்க பண்றது? வெங்காயத்தை வாழ்க்கை பூரா விடணுமா?

டயட்டீஷியன் ரேவதி
வேணாம் சார், ரொம்ப நாள் ஒதுக்குனா குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியாவுக்கும் தீனி குறையும். வயிறு அடங்குன பிறகு வெங்காயத்தை மட்டும் மூணு நாள், முதல் நாள் ஒரு ஸ்பூன், அப்புறம் கொஞ்சம் கூட்டி சாப்பிட்டுப் பாருங்க, உங்க அளவு எதுன்னு தெரிஞ்சிடும். பந்தில சோத்துக்கு ரசம், மோர், அப்பளம், பொரியல்ல பீன்ஸ் இல்ல கேரட் இருந்தா வாங்கிக்கங்க. சாம்பாரும் வெங்காயப் பச்சடியும் வேணாம்னு இலைல கைய காட்டிடுங்க. ரசத்துல பூண்டு தட்டிப் போட்டாங்களான்னு மட்டும் சமையக்காரர்ட்ட கேட்டுக்கங்க. பாயசம் பால்ல செஞ்சிருந்தா அரை டம்ளரோட நிறுத்திக்கங்க, பால் உங்களுக்கு ஒத்துக்குதான்னு இன்னும் தனியா பாக்கல இல்ல.