உச்சி வெயிலில் சோலார் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது: உதவி தேவை

செக்குக்கடை:
வணக்கம். காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். தலா 5 ஹெச்.பி. மோட்டாரில் இரண்டு செக்கு. போன வருஷம் கொட்டகை மேல் 10 கிலோவாட் ஆன்-கிரிட் (இ.பி. லைனோடு சேர்ந்த) சோலார் போட்டேன், மூன்று பேஸ். கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்றார்கள். அந்தக் கணக்குக்கு 40 வரவேண்டும், 28ஐத் தாண்டவில்லை. பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை இன்வெர்ட்டர் நிற்பதும் ஓடுவதுமாக இருக்கிறது. திரையில் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’, அதாவது லைனில் வோல்டேஜ் அதிகம் என்று வருகிறது. மேகம் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. கடை லீவான ஞாயிறுதான் ரொம்ப மோசம். போட்டவரைக் கேட்டால் “லைன் அப்படி” என்கிறார்.

அரிசிமில்:
பேனலைக் கழுவினீர்களா? எங்களுக்குத் தவிட்டுத் தூசி படிந்தே பாதி போனது.

மீட்டர்பெட்டி:
தூசி என்றால் காலையிலிருந்தே குறையும், மதியம் மட்டும் நிற்காது. அண்ணா, ஞாயிறு மோசம் என்றீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அன்று செக்கு ஓடாததால் மொத்தக் கரண்டும் வெளியே போகிறது. சின்னக் குழாயில் தண்ணீரைத் தள்ளினால் மோட்டார் பக்கம் பிரஷர் ஏறும் அல்லவா, அதேபோல இன்வெர்ட்டர் முனையில் வோல்டேஜ் ஏறும். 230க்கு மேல் பத்து சதவீதம், அதாவது 253 தாண்டினால் அது விலகியே ஆகவேண்டும், விதி அப்படி. வெயில் நேரத்தில் இன்வெர்ட்டர் முனையிலும் இ.பி. மீட்டரிடமும் ஒரே சமயத்தில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும், நீங்கள் கை வைக்க வேண்டாம். கேபிள் என்ன சைஸ், எவ்வளவு தூரம்?

செக்குக்கடை:
இன்வெர்ட்டரில் 254, மீட்டரில் 249. கொட்டகை தோப்புக்குப் பின்னால் இருக்கிறது, 90 மீட்டர். 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர். செக்கைக் காலையிலும் சாயங்காலமும்தான் ஓட்டுவோம், மதியம் ஓய்வு. இன்வெர்ட்டர் செட்டிங்கில் லிமிட்டை ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார், செய்யலாமா?

மீட்டர்பெட்டி:
வேண்டவே வேண்டாம். அது நோயை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை, உங்கள் மோட்டார்தான் கருகும். நடுவில் உள்ள 5 வோல்ட் உங்கள் கேபிளின் கணக்கு. 10 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 2க்கு வந்துவிடும். ஆனால் மீட்டரில் 249 என்பதே அதிகம். இ.பி. தரும் சப்ளைக்கான ஆறு சதவீத வரம்புப்படி 244க்குள் இருக்கவேண்டும். அளந்த நாள், நேரத்தோடு இ.பி. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் இருந்தால் மாற்றித் தருவார்கள். அப்புறம் செலவில்லாத வைத்தியம் ஒன்று: செக்கை மதியத்துக்கு மாற்றுங்கள். இரண்டும் ஓடினால் 7 கிலோவாட்டுக்கு மேல் அங்கேயே தின்றுவிடும்.

அரிசிமில்:
சரிதான், நான் தூசி பின்னால் போய்விட்டேன்.

செக்குக்கடை (மூன்று வாரம் கழித்து):
கேபிள் மாற்றியாயிற்று. பழைய ஜாயின்ட் ஒன்று கருகிக் கிடந்தது. செக்கு இப்போது 10 முதல் 3 வரை. ஆட்களுக்கு முதலில் முணுமுணுப்பு, சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றதும் சரியாகிவிட்டது. நேற்று 38 யூனிட். ஞாயிறு மட்டும் இன்னும் இரண்டு முறை நிற்கிறது. மனு கொடுத்திருக்கிறேன், ஆள் வந்து பார்த்ததும் எழுதுகிறேன்.