கை கால் வாய் நோய்: தம்பிக்குத் தொற்றாமல் எப்படிப் பார்ப்பது?

வணக்கம் அக்காமார், கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். மூன்று வயது மகளுக்கு முதலில் காய்ச்சல். அப்புறம் உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவந்த பொட்டுகள், நாக்கின் ஓரத்தில் வெள்ளையாகப் புண். அம்மம்மா பொக்களிப்பான் (சின்னம்மை) என்று வேப்பிலை முறிக்கப் போய்விட்டா. ஆனால் அது பெரும்பாலும் நெஞ்சு, முதுகுப் பக்கம்தானே கூடப் போடும்? டொக்டர் கை கால் வாய் நோய் என்றார். வைரஸ்தான், தனி மருந்து இல்லை, 7 - 10 நாளில் மாறிவிடும், நீர்ச்சத்து மட்டும் குறையக்கூடாது.

பிள்ளை எச்சில் விழுங்கவே அழுகிறாள். ஆறின கஞ்சியும் தயிரும் கொஞ்சம் இறங்குகிறது. தோடம்பழம் எரிக்கும் என்று கொடுக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் வேறு என்ன குடித்தார்கள்?

பெரிய கவலை எட்டு மாதத் தம்பிதான். எச்சில், சளி, கொப்புள நீர், மலம் எல்லாவற்றாலும் பரவும். புண் ஆறிய பிறகும் சில கிழமைகளுக்கு மலத்தில் வைரஸ் இருக்கும். அதனால் மகளுக்கு மலம் கழுவிவிட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறோம். சனிடைசர் இந்த வைரஸுக்குப் போதாது. இருவரும் வாயில் வைக்கும் விளையாட்டுச் சாமான்களை எதைக் கொண்டு கழுவினீர்கள்? ஒரே அறையில் படுக்கிற பிள்ளைகளை எப்படிப் பிரித்து வைத்தீர்கள்? முன்பள்ளி ரீச்சருக்குச் சொல்லிவிட்டேன். அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கோ.