கை மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தேனே, அதன் புதுப்பிப்பு

மூன்று மாதம் முன்பு, விடியற்காலையில் இரண்டு கையும் மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது, காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். சர்க்கரை, பி12, தைராய்டு பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தாயிற்று, மூன்றும் சரி. கழுத்து எம்ஆர்ஐயிலும் ஒன்றுமில்லை.

அப்புறம் நரம்பு கடத்தல் சோதனை, அதாவது நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. விரலில் வளையம் மாட்டி, மணிக்கட்டில் சுள் சுள்ளென்று ஷாக். ஏசியில் கை ஜில்லிட்டிருந்ததால் முதலில் சூடேற்றச் சொன்னார்கள்; குளிர்ந்த கையில் நரம்பு மெதுவாக வேலை செய்யுமாம். சென்னை மே மாத வெயிலில் வந்தவனுக்கு வெந்நீர் ஒத்தடம்!

மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டது சுண்டுவிரலைப் பற்றித்தான். மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல் கோளாறு என்றால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரக்கும்; சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். சுண்டுவிரல் மரத்தால் முழங்கையில் அழுந்தும் நரம்பைச் சந்தேகிப்பார்களாம். எனக்கோ பத்து விரலும். ரிப்போர்ட் நார்மல். ஆனால் மிக மெல்லிய நரம்பிழைகளின் கோளாறு இந்தச் சோதனையில் தெரியாது என்றும் சொன்னார். நார்மல் என்ற சொல் மேல் இவ்வளவு எரிச்சல் வரும் என்று நினைக்கவில்லை.

இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுத் தூங்குகிறேன், கொஞ்சம் பரவாயில்லை. மின்சார ரயிலில் மேல் கைப்பிடியைப் பிடித்தால் இரண்டு ஸ்டேஷன்தான், கை மாற்ற வேண்டும். போன வாரம் காபி டபராவின் சூடு உறைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்து, ஆள்காட்டி விரலில் கொப்புளம். அதிலிருந்து அம்மாவே ஆற்றித்தான் தருகிறார். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை.