டெல்லி – சான்பிரான்சிஸ்கோ: தூரம் தெரிந்தால் நேரம் தெரியுமா?

கணக்குப்பிள்ளை:
தெரியும். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் சுமார் 12,400 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் பதினான்கு மணி நேரம்கூட வராது. ஏறி இறங்க அரை மணி சேருங்கள். அதற்கு மேல் ஆவதெல்லாம் சுற்றி ஓட்டுவதால்தான். அந்தச் சுற்றுக்குப் பயணி ஏன் காசு கொடுக்க வேண்டும்?

மேகலா:
இதே வழித்தடத்தில் நடந்ததைச் சொல்கிறேன் சார். 2016 அக்டோபர் வரை ஏர் இந்தியா மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் போனது. 13,900 கி.மீ. அந்த மாதம் திசையை மாற்றி, கிழக்கே பசிபிக் மேல் பறந்தார்கள். 15,300 கி.மீ. கூடுதலாக 1,400 கி.மீ. பறந்தும், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்னதாக, சுமார் பதினான்கரை மணியில் இறங்கிவிட்டது. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 1,050 கி.மீ.க்கு மேல் வரும். பின்னாலிருந்து தள்ளியது ஜெட் காற்று, அதாவது விமானம் பறக்கும் உயரத்தில் ஆறுபோல வேகமாக ஓடும் காற்று.

கணக்குப்பிள்ளை:
காற்றை நம்பி அட்டவணை போட முடியுமா? குளிர்காலத்தில் வேகமாக வீசும், கோடையில் தளர்ந்துவிடும். தூரம் எந்த மாதத்திலும் மாறாது. 1,400 கி.மீ.க்கான எரிபொருளை யார் கணக்கில் எழுதுவது?

மேகலா:
எரிபொருள் எரிவது பறக்கும் நேரத்துக்கு. கீழே எத்தனை கிலோமீட்டர் கடந்தது என்பது இன்ஜினுக்குத் தெரியாது. எதிர்காற்றில் குறுக்கு வழியில் போய் இரண்டு மணி நேரம் அதிகம் பறந்தால்தான் செலவு கூடும். இந்த ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவது மாறாது. அதன் வேகமும் இடமும்தான் மாறும். அதனால்தான் ஒவ்வொரு பயணத்துக்கும் அன்றைய காற்றைப் பார்த்துத் தனியாகப் பாதை போடுகிறார்கள்.

வடதுருவன்:
காற்றோடு வான்வெளி அனுமதியையும் சேருங்கள் அக்கா. ஃபின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போக, அந்த நாட்டு விமான நிறுவனமான ஃபின்ஏருக்கு ஒன்பதரை மணி நேரம் போதுமாக இருந்தது. 2022இல் ரஷ்யா வான்வெளியை மூடியதும் வடதுருவம் வழியாகச் சுற்றிப் போக, பதின்மூன்று மணி ஆனது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. கணக்குப்பிள்ளை சாரின் நூல் இதற்கு என்ன சொல்லும்?

கணக்குப்பிள்ளை:
எல்லை மூடியது அரசியல், அதை என் கணக்கில் ஏற்றாதீர்கள். ஒரு ஊருக்குப் போக முடிவெடுப்பவருக்கு முதலில் ஒரு அடிப்படை எண் வேண்டும். தூரத்தை விட்டால் வேறு எது இருக்கிறது?

மேகலா:
இருக்கிறது. விமானங்களைப் பின்தொடர்ந்து காட்டும் ஃப்ளைட்ரேடார்24 இணையதளத்தில் விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்களில் உண்மையில் எவ்வளவு நேரம் பறந்தது என்று வரிசையாகக் காட்டும். போகும் திசைக்கும் திரும்பும் திசைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் அந்த வரிசையில் மிக அதிக நேரம் எடுத்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.