அரையாண்டு விடுமுறையில் எங்கள் பிள்ளைகள்: கண்டதும் கேட்டதும்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை:

தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 16 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இரண்டு ஆசிரியர்கள், 42 பிள்ளைகள். அரையாண்டு விடுமுறை என்றால் விடைத்தாள்களைத் திருத்தி, பதிவேடுகளை முடித்து, வகுப்பறையைப் பூட்டிச் சாவியைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவது என்றுதான் நெடுநாள் இருந்தேன். அந்தப் பத்து நாளும் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், இரவில் யார் பக்கத்தில் படுத்து உறங்குகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. 2023 டிசம்பரில் கேட்க வேண்டி வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் தாங்கள் கண்டதை எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்றுதான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா சமைக்கிறார். அவருடைய மகளும் எங்களிடம்தான் படிக்கிறாள். பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது கணக்கு. திட்டம் வந்த சில வாரங்களிலேயே காலை வழிபாட்டின்போது தலை சுற்றுகிறது என்று உட்காரும் பிள்ளைகள் குறைந்துபோனதை நான் கண்கூடாகப் பார்த்தேன். மதியம் சத்துணவும் முட்டையும் முன்பிருந்தே உண்டு. ஆக, எங்கள் பிள்ளைகளில் பலர் நாளில் இரண்டு வேளை பள்ளியில்தான் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். அந்த இரண்டு வேளையும் பள்ளி நடக்கும் நாட்களுக்கு மட்டும் உரியவை.

டிசம்பர் 28, வியாழக்கிழமை. ஊரில் உள்ள பஜனை கோயிலில் மார்கழி முழுவதும் விடியற்காலையில் பூசை நடக்கும். நாளுக்கு ஒரு வீட்டார் உபயம் ஏற்று வெண்பொங்கல் வைப்பார்கள். அன்றைய உபயம் எங்கள் சமையல் அக்கா வீட்டினுடையது. கட்டாயம் வர வேண்டும் என்று அவர் அழைத்திருந்ததால், இருட்டோடு கிளம்பிப் போயிருந்தேன். கடுங்குளிர். பொங்கல் வாங்க நின்ற பிள்ளைகளின் வரிசையில் நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான். தொன்னையில் வாங்கிய பொங்கலை அவன் சாப்பிடவில்லை. தூண் ஓரமாகப் போய், சட்டைக்குள்ளிருந்து ஒரு சில்வர் டப்பாவை எடுத்து அதில் கொட்டி, விரலால் தொன்னையை வழித்துப் போட்டு மூடினான். மறுபடியும் வரிசையின் கடைசியில் வந்து நின்றான். அக்கா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இரண்டு கரண்டியாக வைத்தார். நான் பக்கத்தில் போனபோது, திருட்டு வேலையில் பிடிபட்டவனைப் போல அவன் முகம் சுருங்கியது. "தங்கச்சிக்கு, டீச்சர்" என்றான். அவன் தங்கை எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு.

அவனுடனேயே நடந்து வீட்டுக்குப் போனேன். தாய் தந்தை இருவரும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா, அதாவது பாட்டி, ஐப்பசியில் இறந்துவிட்டார் என்பதும், அதன்பின் கண்புரையோடு இருக்கும் தாத்தா ஒருவர்தான் வீட்டில் துணை என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஆயா இறந்த நான்கு நாளும் பையன் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் நான்தான் விடுப்பு என்று குறித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டேனா என்று எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தால் நினைவிருந்திருக்கும்.

"வாங்க டீச்சரம்மா, உக்காரச் சொல்ல ஒரு நாற்காலிகூட இல்லீங்க" என்று அந்தப் பெரியவர் எழுந்து நின்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரேஷன் அரிசி இருந்தது, கேழ்வரகு மாவு இருந்தது, பானையில் தண்ணீர் இருந்தது. மாலையில் அவர் களி கிண்டுகிறார். மீதியை மறுநாள் காலை கரைத்துக் குடிக்கிறார்கள். மதியச் சோற்றை வடிப்பவன் அந்த ஒன்பது வயதுப் பையன். கஞ்சி வடிக்கும்போது கொட்டிக்கொண்ட புண் இடது மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது. அதன்மேல் மஞ்சளை அரைத்துப் போட்டிருந்தார்கள். பெரியவரிடம் கேட்டேன், பெற்றோர் எப்போது வருவார்கள் என்று. அவர் சுவரைக் காட்டினார். அடுப்புக்கரியால் வரிசையாகக் கோடுகள், பாதிக்கு மேல் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. பள்ளி திறக்க இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுகிறார்களாக்கும் என்று ஒரு கணம் எனக்குள் ஒரு பெருமை வந்ததை மறைக்க மாட்டேன். அது பொங்கலுக்கு அம்மா வரும் நாளின் கணக்கு.

அன்று பையனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் மருந்து கட்டினோம். மீதி நாட்களுக்கு மதியச் சோறு சமையல் அக்காவின் வீட்டில் என்று அவரே முடிவு செய்துவிட்டார். நான் கொடுக்க முன்வந்த பணத்தை வாங்கவில்லை. இரண்டு கிலோ துவரம் பருப்பை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மறு ஆண்டு டிசம்பரில், விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசினோம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே என்பதால் எந்த வீட்டில் யார் ஊரில் இல்லை என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். பிள்ளைக்கு ஒரு பக்கம். விடுமுறையில் எந்த ஊரில் இருப்பாய், பகலில் வீட்டில் யார், இரவில் யார், அடுப்பு மூட்டுவது யார், ஒன்று என்றால் யார் வீட்டுக்கு ஓடுவாய் என்று ஐந்தே கேள்விகள். "உன் அப்பா அம்மா எங்கே?" என்று நாங்கள் கேட்பதில்லை, வகுப்பில் எல்லோர் முன்னிலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சில பிள்ளைகளுக்கு எவ்வளவு கனமானது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். குழந்தைகள் உதவி எண் 1098 எந்த நேரமும் எடுப்பார்கள் என்று சொல்லி, அதைக் கரித்துண்டால் வீட்டுக் கதவின் உட்புறம் எழுதிக்கொள்ளச் செய்தோம்.

விடுமுறை வீட்டுப்பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துப் பக்கம் எழுதி வா என்று கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். சோறு வடித்து, தங்கைக்குத் தலை பின்னி, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடும் பிள்ளை அதை 31ஆம் தேதி இரவில் அழுதுகொண்டே எழுதுகிறது. அதில் கல்வி ஒன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஊத்தங்கரை பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர்:

எங்கள் பகுதியில் அடுப்பைவிடத் தண்ணீரே எனக்குப் பெரிய அச்சம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. ஆண்டுக்கணக்காக முள் மண்டிக் கிடந்த ஏரிகள்கூட நிரம்பின. பெரியவர்கள் ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிறது என்று கும்பலாகப் போய் மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிட்டார்கள். அந்த மகிழ்ச்சியில் பிள்ளைகளும் போனார்கள். அதன்பிறகு பெரியவர்கள் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள், பிள்ளைகள் விடுமுறை முழுவதும் போய்க்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் மீன் பிடிக்கப் போன இடம் ஏரிக்குள் மண் எடுத்த பள்ளம். மேலே முழங்கால் அளவு, ஓரடி தள்ளினால் ஆள் மூழ்கும் ஆழம். கலங்கல் தண்ணீரில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஒருவன் வழுக்கியதும் மற்றவன் கையைக் கொடுத்திருக்கிறான், அவனும் உள்ளே போனான். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் சேலை முந்தானையை வீசி இருவரையும் இழுத்துப் போட்டார். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் பள்ளி திறந்த நாளிலிருந்து, கை கொடுத்த அந்தப் பையன் குடிநீர்த் தொட்டிப் பக்கம்கூடப் போகவில்லை; மற்றவர்கள் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார்கள். அந்த ஆடு மேய்க்கும் அம்மாவை நாங்கள் பள்ளிக்கு அழைத்து வந்து, நடந்ததை அவர் வாயாலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லச் செய்தோம். "இவன் அவன் கைய விடலடா, கடைசி வரைக்கும் விடல" என்று அவர் சொன்னபிறகு கேலி நின்றது. விழுந்தவனை எட்டிப் பிடிக்காதே, துண்டையோ கொம்பையோ நீட்டு, கூச்சல் போடு என்பதை அன்றிலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கு முன்பும் மைதானத்தில் நடித்துக் காட்டுகிறோம்.

தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை:

எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடமும் தெலுங்கும், பள்ளியில் தமிழ். ஆகவே பத்து நாள் விடுமுறைக்குப் பின் திரும்பும்போது முதல் இரண்டு நாள் பேச்சுக் குறைவது இயல்பு என்று நான் நினைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு வாரமாகியும் பேசவில்லை. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள். ஒரு நாள் மதியம், சாப்பாட்டு வரிசையில் ஒரு பையன் தட்டைக் கரண்டியால் தட்டினான். அவள் தன் தட்டைக் கீழே போட்டுவிட்டு வகுப்பறைக்குள் ஓடி, மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள்.

கேழ்வரகு அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எங்கள் பக்கம் இறங்கி வருவது ஆண்டுதோறும் நடப்பது. கதிர் வீட்டுக்கு வரும் வரை இரவெல்லாம் பரண் மேல் காவல் இருக்க வேண்டும். தகரத்தைத் தட்டுவார்கள், பந்தம் கொளுத்துவார்கள், வெடி போடுவார்கள். அந்தச் சிறுமியின் தந்தை ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் இரவுப் பணியில் இருந்ததால், விடுமுறை முழுவதும் தாத்தாவுக்குத் துணையாக இவள் பரணில் இருந்திருக்கிறாள். பேத்தி விழித்திருந்தால் தன்னையும் எழுப்புவாள் என்று தாத்தா நம்பினார். ஓர் இரவு யானை பரணின் காலை உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. தகரத்தைத் தட்டினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும், தட்டாவிட்டால் கதிர் போய்விடும். தாத்தா அவள் கையைப் பிடித்துத் தட்ட விடாமல் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதை அவள் எனக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. படம் வரையச் சொன்னோம். மூன்று நாள் பரணை மட்டும் வரைந்தாள், நான்காம் நாள்தான் யானையின் முதுகு வந்தது. அதன்பிறகு கன்னடத்தில் சொன்னாள், நான் கன்னடத்திலேயே கேட்டேன். அந்த வீட்டுக்குப் பேசப் போனபோது, குழந்தையைக் காவலுக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்லுவது எளிது, ஆண்டு முழுவதற்குமான களி அந்த நிலத்தில்தான் நிற்கிறது என்பது எனக்கும் தெரிந்திருந்தது. ஆகவே ஊர்க்காரர்களிடம் முறைக்காவல் பற்றிப் பேசினோம். இப்போது மூன்று குடும்பத்து ஆண்கள் சேர்ந்து ஒரு பரணில் இருக்கிறார்கள். மழைச்சாரல் நாட்களில் ஆள் வராமல் இன்னமும் பிள்ளைகள் போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதைப் பற்றி வரும் குழுக் கூட்டத்தில் மறுபடியும் பேச வேண்டும்.

பாலக்கோடு பக்கத்து ஆசிரியை மீண்டும்:

இருவருக்கும் நன்றி. எங்கள் ஐந்து கேள்விகளோடு "இரவில் வீட்டை விட்டு எங்கேயாவது போவாயா?" என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஏரிக்கரை நடிப்பையும் எங்கள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டப் போகிறேன். தக்காளித் தோட்டங்களில் வெட்டிய பண்ணைக் குட்டைகள் எங்கள் ஊரிலும் இருக்கின்றன.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவன் இப்போது பக்கத்து ஊரில் ஆறாம் வகுப்பு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், தங்கையை எங்கள் பள்ளியில் விட வரும்போது சமையல் அக்கா அவனைக் கூப்பிட்டு ஏதாவது கையில் கொடுத்து அனுப்புகிறார். தாத்தாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அம்மா பெங்களூர் வேலையை விட்டுவிட்டுத் தக்காளி மண்டியில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறார். கூலி குறைவு, ஆனால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். தங்கை நான்காம் வகுப்பு. இந்த விடுமுறைக்கு முன் அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். இரவில் யார் என்ற இடத்தில் தாத்தா என்று பழக்கத்தில் எழுதி, அதை அடித்துவிட்டு, அம்மா, தாத்தா, அண்ணன் என்று புதிதாக எழுதியிருந்தாள்.