புதுப்பிப்பு: நுவரெலியா வீட்டுப் பூந்தோட்டத்துக்கு ஆள் வைத்தாச்சு

அம்மாவின் பூந்தோட்டத்துக்கு நிரந்தரமாக ஆள் வைப்பதா, புல் வளரும்போது மட்டும் கூப்பிடுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். வைத்துவிட்டோம். எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன், மாதச் சம்பளப் பேச்சில் வருகிறார்.

வந்தவர் முதலில் தொட்டது புல்லை அல்ல, மழைத்தண்ணீர் ஓடும் கானை. "மே மாச மழைக்கு முன்னுக்கே தண்ணிக்கு வழி விடணும் தம்பி. இல்லாட்டி மேல்மண்ணு எல்லாம் கீழ் வீட்டுக்குப் போயிரும்" என்றார். சரிவில் வீடு உள்ளவர்கள் கட்டாயம் கவனியுங்கள்.

ரோஜாவுக்கு அவர் கவ்வாத்து செய்வதை, அதாவது கிளை வெட்டிவிடுவதை, பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக ஒரே வெட்டு. கரும்புள்ளி விழுந்த இலைகளைக் கீழே உதிர்ந்தது உட்படப் பொறுக்கி அப்புறப்படுத்தினார். குப்பைப் பசளைக் குழியில் போடவில்லை. மழைத்துளி தெறித்தே அந்த நோய் மற்ற இலைகளுக்கு ஏறும்.

காய்கறிப் பாத்திக்கு மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டவர், ஹைட்ரேஞ்சியா பக்கம் ஒரு பிடிகூடப் போடவில்லை. நம் மலைமண்ணின் புளிப்புத்தான் அந்தப் பூவுக்கு நீலம் கொடுக்கிறது. புளிப்புக் குறைந்தால் ரோசா நிறமாகிவிடும். அம்மாவுக்கு நீலம்தான் உயிர்.

எத்தனை முறை வரச் சொல்வது என்று கேட்டவர்களுக்கு: மழைக்காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மற்ற நேரம் மாதம் ஒருமுறை போதும். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் இரவுகளில் இளஞ்செடிகளுக்குச் சாக்குப் போடுவது வீட்டுக்காரர் வேலை. கான், கவ்வாத்து, பசளை, வெட்டிய குப்பை நான்கையும் சம்பளத்துக்குள் சேர்த்தே பேசுங்கள்.